ராத்திரி வண்டி வேண்டாம்

கேள்வி: சிஸ்டர், என் மகனுக்குப் பதினாறு வயது. பிளஸ் ஒன் படிக்கிறான். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றவே இல்லை. ஒருநாள் தூங்கும்போது பார்த்தேன், முழங்கை மடிப்பில் ஊசி குத்திய தடம். புத்தகப் பையின் அடியில் காலி மாத்திரை அட்டை நாலு, ஒரு சிரிஞ்சு. வலி மாத்திரையைக் கரைத்து ஏற்றிக்கொள்கிறார்களாம். நான் மில்லுக்குப் போகிறவள். வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை, மாதம் ஒரு தடவை வருவார். 'ரெண்டு சாத்து சாத்தினா சரியாயிடும்' என்கிறார். பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு போதை மறுவாழ்வு மையத்தின் நம்பர் கொடுத்தார். மாதம் பதினெட்டாயிரம். ராத்திரி இரண்டு மணிக்கு வண்டியில் நாலு பேர் வந்து பையனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். மூன்று மாதத்துக்குப் பார்க்கவும் கூடாது, பேசவும் கூடாது. நகையை அடகு வைத்தாவது அனுப்பிவிடலாமா?
- பெயர் வேண்டாம், ராஜபாளையம்.

பதில்: அனுப்பாதீர்கள் தங்கச்சி. நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

31 வருஷம் அரசு ஆஸ்பத்திரி மனநல வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். அந்த மாதிரி வண்டியில் போய்விட்டு எங்களிடம் வந்து சேர்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒருவனுக்கு மணிக்கட்டில் கயிறு அழுந்திய தடம் ஆறவே இல்லை. ராத்திரி வார்டு கேட் கிறீச்சிட்டால் போதும், எழுந்து கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். சரி, மாத்திரையையாவது விட்டானா என்றால், வெளியே வந்த மூன்றாம் நாளே தொடங்கியிருக்கிறான். அடித்தவர்களைப் பற்றி அவன் அதிகம் பேசவில்லை. 'கதவைத் திறந்துவிட்டது எங்கம்மாதான் சிஸ்டர்' என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

எல்லா மையமும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். சென்னை இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கியது. அங்கே நோயாளிக்கு மட்டுமல்ல, வீட்டு ஆட்களுக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை. பெற்றவளே முகம் காட்டக் கூடாது என்கிற இடம் வேறு ஜாதி.

சட்டமும் உங்கள் பக்கம்தான். 2017-ல் வந்த மனநலச் சட்டப்படி, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டுமானால் இரண்டு நிபுணர்கள் தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதில் ஒருவராவது மனநல மருத்துவராக இருக்க வேண்டும். பெரியவர்களோடு ஒரே கூடத்தில் போடக் கூடாது. பெற்றவரோ, அவர் நியமிக்கும் ஒருவரோ கடைசி வரை கூடவே இருக்க வேண்டும். சேர்த்த 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு வருகிற நாலு பேரில் யார் இதையெல்லாம் செய்யப் போகிறார்?

இப்போது காரியத்துக்கு வருவோம். அந்தக் காலி அட்டைகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஒரு கவரில் போட்டு வையுங்கள். டேபென்டடால் என்று எழுதியிருந்தால் அது அபின் வகையோடு சேர்ந்த வலி மாத்திரை. திடீரென்று நின்றால் மூக்கு ஒழுகும், உடம்பு சிலிர்க்கும், வயிறு முறுக்கும், வயிற்றுப்போக்கு வரும், கால் குடைச்சலில் உதைத்துக்கொள்வான். பார்க்கச் சகிக்காது. ஆனால் டாக்டர் மருந்து கொடுத்து இதைப் பெருமளவு தணிக்க முடியும். தூக்க மாத்திரையும் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தால் கதை வேறு: சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். அதனால்தான் சொல்கிறேன், 'நாலு நாள் ரூமில் போட்டுப் பூட்டினால் தெளிந்துவிடும்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லி பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் பவுடரும் வேண்டாம்.

விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கி, மனநலப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். பையன் வர மாட்டேன் என்றால் முதல் தடவை நீங்கள் மட்டும் போங்கள். அட்டைகளைக் காட்டிப் பேசுங்கள். அதற்கு முன்பே யாரிடமாவது சொல்லி அழ வேண்டும் போலிருந்தால் 14446-க்குப் போன் போடுங்கள், போதைப் பிரச்சினைக்கென்றே மத்திய அரசு வைத்திருக்கும் இலவச எண் அது. டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416-ல் ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

ஊசி என்பதால் இன்னொன்று. ஒரே சிரிஞ்சை நாலு பேர் மாற்றி மாற்றிப் போட்டிருப்பார்கள். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி மூன்றுக்கும் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு 'நம்பிக்கை மையம்' என்று போர்டு இருக்கும். காசு இல்லை, வெளியே சொல்லவும் மாட்டார்கள்.

அவனிடம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அங்கேதான் எல்லோரும் சறுக்குகிறோம். நானும் சறுக்கியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனை, அவன் தாத்தா, பக்கத்துப் படுக்கைக்காரர் எல்லோரும் பார்க்க, 'உனக்கெல்லாம் ஒரு படுக்கை தண்டம்' என்று சொல்லிவிட்டேன். அன்று மாலையே பாத்ரூம் ஜன்னல் வழியாகப் போய்விட்டான். எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது இடது கையில் சீழ் கோத்திருந்தது. அதற்குக் கட்டுப் போட்டதும் நான்தான்.

அதனால், அவன் கண் சொருகி இருக்கும்போது பேச்சை எடுக்காதீர்கள். காலையில், இட்லி சாப்பிட்ட பிறகு, வேறு யாரும் இல்லாதபோது, 'உன் பையில இதைப் பார்த்தேன்டா. ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் சேர்ந்து போவோம்' என்று மட்டும் சொல்லுங்கள். கத்துவான். வெளியே போவான். சாயந்திரம் வருவான். மறுபடியும் அதையே சொல்லுங்கள். வீட்டுக்காரருக்கும் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். சாத்துவதற்கு முன் படிக்கட்டும்.

சிகிச்சைக்கு நடுவில் ஒரு தடவையாவது அவன் பழையபடி போட்டுவிடக்கூடும். கொஞ்ச நாள் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. உயிர் போகிற ஆபத்து அப்போது மிக அதிகம். எழுப்பினால் எழவில்லை, குறட்டை மாதிரி மூச்சு விட்டு விட்டு வருகிறது, உதடு நீலம் பாரித்திருக்கிறது என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். 'மாத்திரை போட்டிருக்கான்' என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: அண்ணன் மகன், வயது 17, கஞ்சா அடிக்கிறான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.
- ஒரு சித்தப்பா, திருவாரூர்.

பதில்: ஆகாது. சிகிச்சைக்கு வருகிறவரைப் போலீஸில் பிடித்துக் கொடுப்பது டாக்டர் வேலை இல்லை. 1985-ம் வருஷப் போதைப்பொருள் சட்டத்திலேயே 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. தான் உபயோகித்ததற்கோ, சிறு அளவு வைத்திருந்ததற்கோ வழக்கில் மாட்டியவர், அடிமைப்பட்டவராக இருந்து தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் அந்த வழக்கிலிருந்தே விலக்கு உண்டு. பாதியில் ஓடிவந்தால் விலக்கும் போய்விடும். பயப்பட வேண்டியது அவனுக்கு விற்றவன்: சிறார் நீதிச் சட்டம் 77-ம் பிரிவில் ஏழு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம்.

கேள்வி: மகன் கஞ்சாவை விட்டு 12 நாள் ஆகிறது என்று சத்தியம் செய்கிறான். மெடிக்கலில் சிறுநீர் கிட் வாங்கிப் பார்த்தேன். 'பாசிட்டிவ்' என்று வந்தது. கன்னத்தில் அறைந்துவிட்டேன். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.
- ஒரு அப்பா, கோவை.

பதில்: அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம் சார். தினம் அடித்துப் பழகியவன் உடம்புக் கொழுப்பில் அது தங்கிவிடும். நிறுத்தி மூன்று, நாலு வாரம் ஆனாலும் சிறுநீரில் காட்டும். எப்போது அடித்தான் என்று அந்தக் கிட்டுக்குத் தெரியாது. விட்ட முதல் இரண்டு வாரத்தில் தூக்கமும் பசியும் கெட்டு, எரிந்து விழுவான். அந்த நேரத்தில் பார்த்து அறைந்திருக்கிறீர்கள். இன்று ராத்திரி அவன் தட்டில் நீங்களே சோறு போடுங்கள். 'நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்' என்று அவன் காதில் விழும்படி சொல்லுங்கள். அடுத்த டெஸ்ட்டை டாக்டர் எடுக்கட்டும்.