தாய் வீடு இல்லாத பேறுகாலம்: தம்பிலுவில் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். தம்பிலுவிலில் பிறந்த நீங்கள் வேலை அனுமதியில் இங்கிலாந்துக்கு வந்து, தமிழர் அதிகம் இல்லாத ஒரு கரையோர நகரத்தில், முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் இரவுப் பணி செய்கிறீர்கள். உங்கள் மனைவி ஆரையம்பதியைச் சேர்ந்தவர். குழந்தைக்குப் பத்து வாரம். சில வாரங்களாக மனைவி காரணம் சொல்லாமல் அழுகிறார், குழந்தை உறங்கும் நேரத்திலும் அவருக்கு உறக்கம் வருவதில்லை, சமைத்ததை உண்பதில்லை. மாமியார், "பிள்ளையைக் கொண்டுவந்து என்னிடம் விடுங்கள்" என்கிறார். உடன் வேலை செய்பவர்களோ, வைத்தியரிடம் சொன்னால் பிள்ளையை எடுத்துவிடுவார்கள், விசாவுக்கும் கெடுதி என்று பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் களுவாஞ்சிகுடியிலிருந்து வந்து, இரண்டு பிள்ளைகளையும் இந்த நாட்டிலேயே பெற்று வளர்த்தவள். வைத்தியர் அல்ல, ஆனால் பல ஆண்டுகளாக வைத்தியசாலைகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து வருவதால், உங்கள் வீட்டைப் போன்ற வீடுகள் பலவற்றின் கதை எனக்குத் தெரியும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வாரமே மனைவியை ஜீ.பி. எனப்படும் குடும்ப வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் இரவுப் பணியை மாற்றிக் கேளுங்கள். பிள்ளையை அனுப்புவது பற்றிய பேச்சை இப்போதைக்கு ஒத்திவையுங்கள்.

இங்கே யாழ்ப்பாணத்தவரும் இந்தியத் தமிழரும் சொல்லும் அறிவுரைகளில் ஒரு விடயம் விடுபட்டுப் போவதுண்டு. எங்கள் மட்டக்களப்புப் பகுதியில் குடி என்னும் குலப் பிரிவு தாய்வழியில் வருகிறது. வீடும் வளவும் பெண்ணுக்கு எழுதப்படுகின்றன. திருமணம் முடித்த ஆண்தான் பெண்ணின் வீட்டுக்குப் போய்க் குடியிருக்கிறான். ஆகவே மட்டக்களப்பில் ஒரு பெண் பிள்ளை பெற்றால், அவள் புகுந்த வீட்டில் தனித்து நிற்பதில்லை. தாய் அதே வளவில் இருப்பார். பெரியம்மாவும் சின்னம்மாவும் வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பார்கள். அக்கா அடுப்பைப் பார்த்துக்கொள்வார். பத்தியக் கறியும் சரக்குத் தூளும் கேட்காமலே வரும். இரவில் பிள்ளை அழுதால் தூக்குவதற்கு நான்கு கைகள் நீளும். மாப்பிள்ளைக்கு அந்த வீட்டில் பெரும்பாலும் வேலையே இருக்காது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும் வரை அவர் எட்டி நின்று பார்ப்பவர்தான். அவ்வாறு வளர்ந்த ஒரு பெண்ணும், எட்டி நிற்கப் பழகிய ஓர் ஆணும் இங்கிலாந்தின் ஓர் அறைக்குள் ஒரு கைக்குழந்தையோடு இருத்தப்படும்போது, அந்தப் பெண் இழப்பது மிகப் பெரியது. அந்த ஆணுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் போவதும் இயல்பே. உங்கள் மனைவி நன்றி கெட்டவரும் அல்லர், சோம்பேறியும் அல்லர். நான்கைந்து பெண்கள் பகிர்ந்து சுமந்ததை அவர் தனியாகச் சுமக்கிறார், அதுவும் நீங்கள் வீட்டில் இல்லாத இரவில்.

ஆனாலும் இதை வெறும் ஊர் ஏக்கம் என்று விட்டுவிட வேண்டாம். பேறுக்குப் பின் மூன்றாம் நாளளவில் வரும் அழுகையும் மனத்தளர்ச்சியும் பெரும்பாலான தாய்மாருக்கு வருவனவே. அவை இரண்டு வாரத்துக்குள் தாமாகவே அடங்கிவிடும். பத்தாவது வாரத்திலும் தொடரும் அழுகை அந்த வகையைச் சேர்ந்தது அன்று. பிள்ளை உறங்கும்போதும் தாய்க்கு உறக்கம் வராதிருப்பதும், உணவில் விருப்பம் அற்றுப் போவதும் பேறுக்குப் பிந்திய மனச்சோர்வின் அடையாளங்களாக இருக்கலாம். இந்த நாட்டின் சுகாதார சேவையின் கணக்குப்படி, பிள்ளை பிறந்து ஓராண்டுக்குள் பத்துப் பெண்களில் ஒருவருக்கு மேல் இந்த நோய் வருகிறது. இது மருந்தாலும் பேச்சுச் சிகிச்சையாலும் நன்றாகக் குணமாகக் கூடியது.

இதிலிருந்து முற்றிலும் வேறான ஒரு நிலையும் உண்டு. அதை நீங்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். மனைவி இல்லாத குரல்களைக் கேட்பதாகச் சொன்னாலோ, பிள்ளையைப் பற்றி நம்ப முடியாத விபரீதமான எண்ணங்களைப் பேசினாலோ, உறக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய பரபரப்போடு நடமாடினாலோ, அது ஏறத்தாழ ஐந்நூறு பேறுகளில் ஒன்றில் வரும் கடுமையான மனநோயாக இருக்கக்கூடும். தன்னையோ பிள்ளையையோ முடித்துவிட நினைப்பதாக அவர் சொன்னாலும் அது காத்திருக்கக் கூடிய விடயம் அன்று. அப்படியான வேளையில் 999ஐ அழையுங்கள், அல்லது நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். உயிராபத்து உடனடியாக இல்லை, ஆனால் விடியும் வரை பொறுக்கவும் முடியாது என்றால் 111ஐ அழைத்து இரண்டாம் தெரிவை அழுத்துங்கள். மனநல அலுவலர்கள் இரவு பகலாகப் பேசுவார்கள். வெளிப்படையாகக் கேட்பதால் சாகும் எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. "உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா?" என்று இன்றே அமைதியாகக் கேளுங்கள்.

இனி, உங்களைப் பயமுறுத்தியவர்களின் பேச்சுக்கு வருகிறேன். மனச்சோர்வு என்ற ஒரே காரணத்துக்காக இங்கே எவருடைய பிள்ளையையும் எடுப்பதில்லை. பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து நிரந்தரமாகப் பிரிப்பதற்கு நீதிமன்றத்தின் கட்டளை வேண்டும்; பிள்ளை பெருந்தீங்குக்கு உள்ளாவதற்கான ஆதாரத்தை நீதிமன்றம் கேட்கும். உதவி தேடி வரும் தாயைச் சேவையாளர்கள் பொறுப்புள்ள தாயாகவே பார்ப்பதை நான் அறைக்குள் இருந்தே கண்டிருக்கிறேன். நோய் முற்றி வைத்தியசாலையில் தங்க நேர்ந்தாலும், தாயையும் பிள்ளையையும் ஒன்றாகவே வைத்துப் பராமரிக்கும் சிறப்புப் பிரிவுகள் இந்த நாட்டில் இருக்கின்றன. விசாவைப் பொறுத்தவரை, மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பது வேலை அனுமதியை மறுப்பதற்கான காரணமாக விதிகளில் இல்லை. பராமரிப்புப் பணி விசாவில் வந்தவருக்கும் அவர் குடும்பத்துக்கும் சுகாதாரக் கட்டணத்திலிருந்து விலக்கு உண்டு; இந்தச் சேவை உங்களுக்கும் உரியதுதான். உங்களுக்கு உரிய வைத்தியத்தைப் பெறுவதற்கு எவரிடமும் கூச்சப்பட வேண்டியதில்லை. 'அரச நிதி பெற முடியாது' என்று உங்கள் விசாவில் இருக்கும் நிபந்தனை வைத்திய சேவையைக் குறிப்பதன்று. அது பிள்ளைக் கொடுப்பனவு, யுனிவர்சல் கிரெடிட் போன்ற அரச உதவித்தொகைகளையே குறிக்கிறது. யாராவது விண்ணப்பித்துத் தருகிறேன் என்று வந்தாலும் அவற்றுக்கு மட்டும் கை நீட்டிவிடாதீர்கள், அதுதான் உண்மையில் விசாவுக்குக் கெடுதி.

ஜீ.பி.யிடம் போகும்போது, பதிவு செய்யும் நேரத்திலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. நீங்களே மொழிபெயர்க்க வேண்டாம். இதை நான் என் தொழிலுக்காகச் சொல்லவில்லை. கணவன் பக்கத்தில் இருந்து மொழிபெயர்க்கும் அறைகளில் எங்கள் பெண்கள் "ஒன்றுமில்லை, அலுப்புத்தான்" என்பதற்கு மேல் வாய் திறப்பதில்லை. இன்னொன்று: எங்களவர் மனத்தின் வேதனையை உடம்பின் வேதனையாகவே சொல்லிப் பழகியவர்கள். நெஞ்சு படபடக்கிறது, தலை விறைக்கிறது, கை கால் சோர்கிறது என்று மட்டும் சொன்னால், வைத்தியர் வலிக் குளிசை கொடுத்து அனுப்பிவிடலாம். அழுகையையும் உறக்கமின்மையையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அதே வேளையில் இரத்தச் சோகை, தைரொயிட், விற்றமின் டி ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை செய்யலாமா என்றும் கேளுங்கள்; பேறுக்குப் பின் தைரொயிட் கோளாறும் இரத்தச் சோகையும் மனச்சோர்வைப் போலவே தோற்றம் காட்டும். எங்கள் நிறத்தவருக்கு இந்த நாட்டின் வெயில் போதாது. நாளொன்றுக்குப் பத்து மைக்ரோகிராம் விற்றமின் டியை ஆண்டு முழுவதும் எடுக்குமாறு எங்களுக்குப் பரிந்துரைக்கிறார்கள். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கும் துளிமருந்து உண்டு.

ஊரில் நாம் மிட்வைஃப் மிஸ் என்று அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தர் படலையைத் திறந்துகொண்டு வீட்டுக்கு வருவதைப் போல, இங்கே ஹெல்த் விசிட்டர் என்பவர் வருவார். பிள்ளையின் நிறையை மட்டும் பார்ப்பவர் என்று பலர் நினைக்கிறார்கள். தாயின் மனத்தைப் பற்றிக் கேட்பதும் அவருடைய கடமை. 1987இல் எடின்பரோவில் உருவாக்கப்பட்ட பத்து வினாக்கள் கொண்ட தாளொன்றை அவர் நீட்டக்கூடும். கடந்த ஏழு நாட்களில் மனம் எப்படி இருந்தது என்பதே அதன் பொருள். அது பரீட்சை அன்று. நல்ல பெயர் எடுப்பதற்காக எல்லாவற்றுக்கும் 'சுகம்' என்று புள்ளடி இட்டுவிட்டு அவர் போன பிறகு அழுவதால் பயனில்லை. பேச்சுச் சிகிச்சைக்கு ஜீ.பி.யின் கடிதம் இல்லாமலே இங்கிலாந்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம்; கைக்குழந்தை இருப்பதை விண்ணப்பத்தில் குறிப்பிட்டால் முன்னுரிமை கிடைக்கும். குளிசை தந்தால், பால் கொடுப்பதாகச் சொல்லுங்கள். செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வுக் குளிசைகளைப் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் வைத்தியர்கள் வழமையாகவே கொடுக்கிறார்கள். பலன் தெரிய சில வாரங்கள் எடுக்கும். இடையில் நிறுத்தக் கூடாது. பிள்ளை பிறந்து ஓராண்டு வரை தாய்க்கு மருந்துச் சீட்டுக் கட்டணமும் இல்லை, ஆனால் அதற்குரிய விலக்குச் சான்றிதழை எடுத்திருக்க வேண்டும்.

இப்போது உங்களைப் பற்றி. உறக்கமற்ற தாய் இரவில் தனித்திருப்பதுதான் உங்கள் வீட்டின் பெரிய சிக்கல் என்பது என் எண்ணம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே, வேலை நேரத்தை மாற்றித் தருமாறு எழுத்தில் கேட்கும் உரிமை 2024 ஏப்ரல் முதல் ஒவ்வொரு தொழிலாளிக்கும் உண்டு. முதலாளி இரண்டு மாதங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுக்கலாம்தான், ஆனால் சட்டத்தில் உள்ள காரணமொன்றைக் காட்டித்தான் மறுக்க முடியும். மொத்த மணித்தியாலங்களைக் குறைத்துக் கேட்காதீர்கள், உங்கள் அனுமதி சம்பளத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. இரவைப் பகலாக மாற்றித் தருமாறு மட்டும் கேளுங்கள். 2022இல் இலங்கையில் எரிபொருள் வரிசையும் மருந்துத் தட்டுப்பாடும் வந்த பிறகு, முகவருக்குக் கொடுப்பதற்காக வட்டிக்குக் கடன் பட்டு வந்த இளையவர்கள் பலரை நான் அறிவேன். நீங்களும் அப்படி வந்திருந்தால், கடனை விரைவில் அடைக்க மேலதிக இரவுகளை ஏற்கும் ஆசை இருக்கும். ஆறு மாதத்துக்கு அந்த ஆசையைத் தள்ளிவையுங்கள். கடன் கொடுத்தவருக்குத் தவணையைக் குறைத்துக் கேட்டு எழுதலாம். தந்தையருக்கும், பத்தில் ஒருவர் வரை, இந்த மனச்சோர்வு வருகிறது. ஆண்களிடம் அது பெரும்பாலும் அழுகையாக வராது. எரிச்சலாகவும் குடியாகவும் வரும். பேச்சுச் சிகிச்சைக்கு நீங்களும் தனியாக விண்ணப்பிக்கலாம்.

உங்கள் இருவரின் வயதையும் வைத்துப் பார்த்தால், 2004 மார்கழியில் சுனாமியாகக் கடல் வந்தபோது நீங்கள் சிறுபிள்ளைகளாக இருந்திருப்பீர்கள். திருக்கோவில், கல்லாறு, நாவலடி என்று கரை முழுவதும் பிள்ளைகளும் தாய்மாரும் போனதைக் கண்ட தலைமுறை இப்போது தாய் தந்தை ஆகியிருக்கிறது. தான் பிள்ளை பெற்றபின், உறக்கம் குலைந்த இரவுகளில் அந்தப் பழைய காட்சிகள் மீண்டும் எழுவதை நான் மொழிபெயர்த்த பெண்கள் சிலர் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் வசிப்பதும் கடலோரம் என்பதால் இதைக் கேட்கிறேன்: மனைவி கடற்கரைப் பக்கம் போகத் தயங்குகிறாரா, இரைச்சலுக்குத் திடுக்கிடுகிறாரா? அப்படியானால் அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அதற்கு வேறு வகைச் சிகிச்சை உண்டு.

மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தனக்குத் தெரிந்த உதவியையே கொடுக்க முன்வருகிறார். அந்த உதவியை வேறு விதமாகப் பெற்றுக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் எங்களுக்கும் ஊருக்கும் ஐந்தரை மணித்தியால வித்தியாசம். இங்கே நள்ளிரவு ஒன்றரை மணிக்குப் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது ஆரையம்பதியில் காலை ஏழு மணி, தாய் தேநீர் போட்டுக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் வீடியோ அழைப்பை எடுத்து, பேசாவிட்டாலும் போனைச் சாய்த்து வைத்துவிடச் சொல்லுங்கள். சாயங்கால அழைப்பில் உறவினர் எல்லோருக்கும் சிரித்த முகம் காட்ட வேண்டியிருப்பதைவிட இது எவ்வளவோ மேல். நாவூறு பட்டது என்று அவர் நூல் மந்திரித்து அனுப்பினால் மறுக்காமல் கட்டிக்கொள்ளலாம். வந்தவரை மந்திரத்தால் பாயோடு ஒட்டவைக்கும் ஊர் என்று பெயர் எடுத்தவர்கள் நாங்கள், அந்த வழக்கம் லேசில் போகாது. குளிசையை நிறுத்தச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். பத்தியக் கறியின் செய்முறையை அவரிடம் கேட்டு நீங்களே சமையுங்கள். எட்டி நின்ற மாப்பிள்ளை இப்போது அடுப்பருகே வரவேண்டியவர்.

பிள்ளையை அனுப்புவதை நான் ஏன் ஒத்திவைக்கச் சொல்கிறேன் என்றால், மனச்சோர்வில் இருக்கும் ஒரு தாய் 'என்னால் பிள்ளை வளர்க்க முடியாது' என்று ஏற்கெனவே நம்பத் தொடங்கியிருப்பார். பிள்ளையைக் கொண்டுபோனால் அந்த நம்பிக்கையை நாமே உறுதிப்படுத்தியதாகிவிடும். பால் வற்றும், பிரிவின் குற்ற உணர்வும் சேரும். அதற்குப் பதிலாக மாமியாரை இங்கே அழைக்க முயலலாம். பார்வையாளர் விசாவில் ஆறு மாதம் வரை தங்கலாம். குடும்பத்தைப் பார்க்க வருபவர் பேரப்பிள்ளையைத் தூக்குவதில் தவறில்லை, ஆனால் சம்பளத்துக்குப் பிள்ளை பார்க்க வருவதாக விண்ணப்பம் தோற்றமளிக்கக் கூடாது. உங்கள் சம்பளப் பத்திரங்கள், வாடகை ஒப்பந்தம், அவருடைய வளவின் உறுதிப் பத்திரம், ஊரில் அவர் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டிய பிள்ளைகளின் விபரம் ஆகியவற்றை ஒன்றாக வையுங்கள். வைத்தியரைக் கண்டபின், மகள் சிகிச்சை பெறுகிறார் என்ற கடிதம் ஒன்றையும் கேட்டு வாங்கினால், அதையும் விண்ணப்பத்தோடு இணைக்கலாம்.