ஒரே லென்ஸ் போதும், ஆனால் யாரிடம் வாங்குகிறீர்கள்?

தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் கேனான் 200டி கேமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும் இருக்கின்றன. ஜூலை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளோடு காரில் ஷ்லுஷ்லுவே சரணாலயம் போய், அங்கிருந்து க்ரூகர் வனவிலங்குப் பூங்கா போகிறோம். கடைக்காரர் மூன்று லென்ஸ் வேண்டும் என்கிறார். மருமகனுடைய நண்பர் ஒருவர், டாம்ரான் 18-400 ஒன்றே போதும், பாதி விலைக்கு வரவழைத்துத் தருகிறேன் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?"

அக்கா, ஒரே லென்ஸ் போதும் என்று அந்த நண்பர் சொன்னது சரி. வரவழைத்துத் தருகிறேன் என்றாரே, அதற்கு மட்டும் தலையாட்டி விடாதீர்கள்.

முதலில் ஏன் போதும் என்று சொல்லிவிடுகிறேன். 18, 400 என்பவை மில்லிமீட்டர் கணக்கு, சின்ன எண் அகலமாகக் காட்டும், பெரிய எண் தூரத்தைக் கிட்டே இழுக்கும். க்ரூகரில் முகாம்களையும் அனுமதித்த சில இடங்களையும் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. அதனால் படம் முழுக்க ஜன்னல் வழியாகத்தான். ஜூலை குளிர்காலம், மழை மிகக் குறைவு, புதர் வாடி இலை உதிர்ந்து நிற்பதால் மிருகம் நன்றாகத் தெரியும், ஆனால் மண் சாலையில் எதிரே ஒரு வண்டி போனால் புழுதி உள்ளே வந்துவிடும். அந்தப் புழுதியில் மடியில் வைத்து லென்ஸைக் கழற்றி மாட்டினால் கேமராவுக்குள் படம் பதிகிற சென்சாரில் தூசி ஒட்டி, அதற்கப்புறம் எடுக்கிற எல்லா வானத்திலும் கறுப்புப் புள்ளி விழும். சிறுத்தை சாலையைக் கடக்கும் நேரத்தில் நீங்கள் மூடியைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். மூன்று லென்ஸ் என்பது நேரமும் உதவியாளும் வைத்திருப்பவர்களுக்கு. பேரப்பிள்ளைகளோடு போகிறவருக்கு 18-ல் ஆற்றங்கரை முழுவதும், ஒரு திருகு திருகினால் 400-ல் அதே கரையில் நிற்கும் நீர்யானையின் காது, இதுதான் தேவை.

படத்தின் துல்லியம் குறையாதா என்று கடைக்காரர் பயமுறுத்தியிருப்பார். குறையும்தான். 400-ல், அதிலும் ஓரங்களில் கொஞ்சம் மென்மையாக இருக்கும். போனில் பார்ப்பதற்கும், ஏ4 அளவு அச்சுக்கும் அது ஒரு பொருட்டே இல்லை.

இந்த லென்ஸை "22 மடங்கு ஜூம்" என்று விற்பார்கள். பலர் இதில் ஏமாறுகிறார்கள், மிருகம் 22 மடங்கு பெரிதாகத் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 400-ஐ 18-ஆல் வகுத்தால் 22 வருகிறது, வேறொன்றுமில்லை. 100-400 லென்ஸ் நான்கு மடங்குதான், ஆனால் தூரத்தில் இருப்பதை அதுவும் இதே அளவுக்குத்தான் கிட்டே கொண்டுவரும். மடங்கைப் பார்க்காதீர்கள், கடைசி எண்ணைப் பாருங்கள். பறவைக்கு 400 வேண்டும். யானைக்கு 200-ஏ தாராளம்.

எடையையும் சொல்லிவிடுகிறேன். லென்ஸ் சுமார் 700 கிராம், உங்கள் கேமரா சுமார் 450. லென்ஸ்தான் கனம். அதனால் கழுத்தில் தொங்கவிட்டு நடக்கும்போது லென்ஸ் தானாகக் கீழே நீண்டுகொண்டே வரும். அதற்காகவே பக்கத்தில் ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள், நடக்கும்போது அதைப் போட்டு வையுங்கள். வண்டிக்குள் ஒரு துணிப்பையில் இரண்டு கிலோ அரிசியோ பருப்போ போட்டு இறுகக் கட்டி, பாதி இறக்கிய ஜன்னல் கண்ணாடி மேல் வைத்து அதில் லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள், இஞ்சினையும் அணைக்கச் சொல்லுங்கள், ஓடும் இஞ்சினின் அதிர்வு 400-ல் அப்படியே படத்தில் வந்து நிற்கும். முக்காலிக்குக் காரில் இடமும் இல்லை, வேலையும் இல்லை.

இந்த லென்ஸ் கைவிடுகிற இடம் ஒன்று இருக்கிறது. வெளிச்சம். இதை எந்தக் கடையிலும் சரியாகச் சொல்வதில்லை. லென்ஸ் மேல் எஃப் 3.5-6.3 என்று போட்டிருக்கும். லென்ஸை ஒரு புனல் என்று வையுங்கள், எண் சிறிதானால் புனலின் வாய் அகலம், எண் பெரிதானால் குறுகல். 18-ல் 3.5, 400-க்குப் போனால் 6.3. அதாவது தூரத்தை இழுக்கும்போது முன்பு வந்த வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குகூட உள்ளே வராது. ஜூலையில் க்ரூகர் வாசல் காலை 6 மணிக்குத் திறக்கும், மாலை 5.30-க்கு மூடும். சிங்கம் நடமாடுவது பெரும்பாலும் இந்த இரண்டு முனைகளிலும்தான், வெளிச்சம் குறைவதும் அப்போதுதான். டாம்ரானில் விசி என்று ஒரு அதிர்வு தடுப்பு இருக்கிறதே, அது போதாதா என்பார்கள். அது உங்கள் கை நடுங்குவதைத்தான் தாங்கும், நடந்து போகிற சிங்கத்தின் காலை அது நிறுத்தி வைக்காது. அதற்கு ஷட்டர்தான் வேகமாக இருக்க வேண்டும். கேமராவின் மேல் வட்டத்தை டிவி என்ற எழுத்துக்குத் திருப்பி 500-இல் ஒரு பங்கு நொடி வையுங்கள், பறவைக்கு 1000, வெளிச்சத்துக்குக் கேமரா எவ்வளவு கூர்மை என்பதைச் சொல்லும் ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு உச்சத்தை 6400 என்று வைத்துவிடுங்கள். படத்தில் கொஞ்சம் மணல் தூவினாற்போல் இருக்கும். இருக்கட்டும், கலங்கிப்போன படத்தைவிட அது எவ்வளவோ மேல்.

இதே சங்கடம் நம் கோவிலில் இன்னும் அதிகம். காவடி ஊர்வலத்துக்கு, பகல் வெயிலில், இந்த லென்ஸ் போல வசதி வேறில்லை, கூட்டத்துக்கு வெளியே நின்றே முகத்தை எடுக்கலாம். உள்ளே போனால் விளக்கு வெளிச்சம் மட்டும்தான், அங்கே இது திணறும், ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடும். அப்போது பலர் கேமராவின் மேலே இருக்கும் சின்ன ஃப்ளாஷைத் தூக்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இவ்வளவு பெரிய லென்ஸ் அந்த ஒளியை மறைத்துப் படத்தின் அடியில் பிறைபோல ஒரு நிழல் விழும். அதைவிட, அருள் வந்து நிற்கிறவர் முகத்தில் வெளிச்சத்தை அடிப்பது எனக்குப் பொறுக்காது. உள்ளே எடுக்க அனுமதி இருந்தால், கேனான் 50 மி.மீ. எஃப் 1.8 என்று 160 கிராமில் ஒரு சின்ன லென்ஸ் இருக்கிறது, விலையும் குறைவு, 6.3-ஐவிட 12 மடங்கு வெளிச்சம் வாங்கும். அதில் ஜூம் கிடையாது, நீங்கள்தான் முன்னே பின்னே நடக்க வேண்டும். கோவிலுக்குப் போகும் அன்று வீட்டிலேயே மாற்றி மாட்டிக்கொண்டு போங்கள். க்ரூகருக்கு எடுத்துப் போக வேண்டாம், எடுத்துப் போனால் மாற்றிப் பார்க்கக் கை வரும். இது ஒன்றுக்காகத்தான் இரண்டாவது லென்ஸ் வாங்கச் சொல்வேன். அதுவும் காவடியோ தீமிதியோ கோவிலுக்குள் நின்று எடுப்பவராக இருந்தால் மட்டும்.

இப்போது அந்த நண்பர் விஷயம். பாதி விலை என்றால் பெரும்பாலும் அது கிரே இம்போர்ட்டாக இருக்கும், அதாவது தயாரிப்பாளரின் அனுமதி பெற்ற இறக்குமதியாளர் வழியாக வராமல் பக்க வழியாக வந்த சரக்கு. பொருள் போலியாக இருக்காது, அதே தொழிற்சாலையில் செய்ததுதான். ரிப்பேர் என்று வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். ஐந்து வருடத்துக்கு முன் நானே ஓர் இணையக் கடையில் லென்ஸ் வாங்கினேன். முகவரி நம் நாட்டு முகவரி, விலை ரேண்டில், பத்து முதல் பதினைந்து வேலை நாளில் வரும் என்று போட்டிருந்தார்கள். அந்தப் பத்துப் பதினைந்து நாள்தான் அடையாளம், இங்கே சரக்கு வைத்திருப்பவன் இரண்டு மூன்று நாளில் கொடுத்துவிடுவான். நான்காவது மாதம் ஃபோகஸ் மோட்டார் நின்றுவிட்டது. இங்கே உள்ள சர்வீஸ் மையத்தில் வரிசை எண்ணைப் பார்த்துவிட்டு இது எங்கள் வழியாக வந்ததில்லை என்றார்கள். கடையோ வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றது. ஒன்பது வாரம். கல்யாண சீசன் முழுவதும் வாடகை லென்ஸில் ஓட்டினேன், மிச்சம் பிடித்த பணத்தைவிட வாடகை அதிகம் ஆனது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 25-ஆவது பிரிவில், இப்படிப்பட்ட சரக்கை விற்பவர் அதை வெளிப்படையாக எழுதி அறிவிக்க வேண்டும் என்கிறது. எழுதுகிறார்கள், பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்வதுபோல. 56-ஆவது பிரிவில், ஆறு மாதத்துக்குள் பழுதானால் ரிப்பேரா, வேறு பொருளா, பணமா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள்தான், கடைக்காரர் அல்ல. கிரே சரக்கை இங்கே கடை வைத்து விற்றாலும் இது பொருந்தும். ஆனால் "எங்கள் கொள்கை ரிப்பேர் மட்டும்தான்" என்று கவுண்டரில் நிற்கும் பையன் சொன்னதும் நம்மவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுகிறார்கள். புகார் கொடுக்கப் படிவம், பில், மின்னஞ்சல் நகல் என்று அலைய வேண்டியதை நினைத்தே பாதிப்பேர் விட்டுவிடுகிறார்கள், இவ்வளவு நல்ல சட்டத்தை எழுதிவிட்டு அதைக் கேட்டு வாங்கும் வேலையை ஏமாந்தவர் தலையிலேயே கட்டியிருப்பது எனக்கு ஆறவே ஆறாது.

மருமகனின் நண்பர் கதை இதைவிட மோசம். அந்தச் சட்டம் வியாபாரமாக விற்பவரைத்தான் கட்டும். சிநேகிதத்துக்காகத் துபாயிலிருந்து பையில் வைத்துக் கொண்டுவருபவரை அது தொடாது. விமான நிலையத்தில் 5,000 ரேண்டுக்கு மேலான பொருளுக்கு வரி கேட்டால் அதையும் உங்களிடம்தான் கேட்பார். பழுதானால் நீங்கள் சண்டை போட வேண்டியது மருமகனோடு. அவர் நல்லவராகவே இருக்கட்டும், வேண்டாம்.

இன்னொரு பொறி, "முழு செட்". லென்ஸோடு பை, ஃபில்டர், முக்காலி, அப்புறம் முன்னால் திருகி மாட்டும் இரண்டு கண்ணாடிகள், ஒன்று இன்னும் அகலமாகக் காட்டுமாம், இன்னொன்று இன்னும் தூரத்தைக் காட்டுமாம். அந்தக் கண்ணாடிகளை மாட்டினால் ஓரம் எல்லாம் குழம்பிப்போகும். செட்டை வேண்டாம் என்று சொல்லி, லென்ஸ் மட்டும் விலை கேளுங்கள். கடைக்காரர் ஆர்எஃப் என்று தொடங்கும் லென்ஸை எடுத்துக் காட்டினாலும் வேண்டாம், அது உங்கள் 200டியில் மாட்டவே மாட்டாது. கேனான் இஎஃப் மவுண்டுக்கு, அதாவது உங்கள் கேமராவில் லென்ஸ் மாட்டும் வாய்க்கு, ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள்.

பழையது கிடைத்தால் வாங்கலாம், நம் டர்பன் ஈரத்தை மட்டும் மறக்காதீர்கள். அலமாரியில் தோல் உறைக்குள் இரண்டு வருடம் கிடந்த லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கும். போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து உள்ளே அடித்து முன்பக்கம் பாருங்கள், சிலந்தி நூல்போலத் தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

புதிதாக இணையத்தில் வாங்கினால், இங்கே சரக்கு வைத்திருக்கிறீர்களா, வாரண்டி யார் தருகிறார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, பயணத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே வாங்குங்கள். 2002-ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டப்படி, கையில் கிடைத்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம், அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. அந்த ஏழு நாளில் பெட்டியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, சாயங்காலம் கூரையில் வந்து கத்துமே ஹடீடா பறவை, அதை 400-ல் எடுத்துப் பாருங்கள். பத்துப் படத்தில் நாலைந்திலாவது கண் தெளிவாக இருக்க வேண்டும். அப்புறம் பகலில் ஒரு செங்கல் சுவரை நேராக நின்று எடுத்து, இடது ஓரமும் வலது ஓரமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் குழம்பியிருந்தால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.