கல்லைப் புரட்டிப் பாருங்கள்

மலையக ஓடைகளையும் அவற்றில் வாழும் பூச்சிகளையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, நுவரெலியா மாவட்டத் தோட்டப் பாடசாலைகளில் 31 ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக ஈத்தூண்டில், அதாவது இறகும் நூலும் கொண்டு பூச்சி போலக் கட்டிய பொய் ஈயால் மீன் பிடிக்கும் முறை, பழகுகிறேன். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த தூண்டில் ஈக்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அனுமதிச்சீட்டு எடுத்துக்கொண்டு, ட்ரவுட் என்ற குளிர்நீர் மீன் வாழும் ஓடைக்கு மூன்று தடவை போனேன். ஒரு மீன்கூடத் தொடவில்லை. எந்த ஈ நல்லது?
— வங்கி ஊழியர், பண்டாரவளை

பதில்: தம்பி, பெட்டியை மூடி வைத்துவிட்டு முதலில் ஓடையில் இறங்குங்கள்.

என் அப்பா கொழுந்து மடுவத்தில் வேலை செய்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் துரைக்குத் தூண்டில் பை சுமந்துகொண்டு போவார். ஓடைக்கரையை அடைந்ததும் துரை பெட்டியைத் திறக்கப் போனால், அப்பா கையைக் காட்டி நிறுத்துவாராம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, மூன்று கற்களைப் புரட்டிப் பார்த்து, கிடைத்த பூச்சியை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வருவார். அதைப் பார்த்த பிறகுதான் துரை ஈயைத் தேர்ந்தெடுப்பார். அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் எந்தக் கல்லின் அடியில் எது இருக்கும் என்பது தெரியும். இந்தக் கலையில் பாதிக்கு மேல் அவ்வளவுதான்.

ஒரு தேநீர் வடியும் வெள்ளைப் பீங்கான் தட்டும் போதும். வேகமாக ஓடும் ஆழமில்லாத இடத்தில் ஒரு கல்லைத் தேர்ந்தெடுங்கள். நீர் ஓடிப் போகும் பக்கத்தில் வடியைப் பிடித்துக்கொண்டு கல்லை மெதுவாகத் தூக்குங்கள். வடியில் விழுந்ததையும் கல்லில் ஒட்டியிருப்பதையும் தண்ணீர் ஊற்றிய தட்டுக்கு மாற்றுங்கள். சிறிது நேரம் அசையாமல் பாருங்கள். தூசி என்று நினைத்தவை நடக்கத் தொடங்கும்.

பெரும்பாலும் மூன்று வால் நூல்கள், வயிற்றின் இரு பக்கமும் படபடக்கும் பூக்கள், ஒவ்வொரு காலின் நுனியிலும் ஒற்றை நகம்: இது மே ஈ என்ற பூச்சியின் அணங்கு. அணங்கு என்றால் நீருக்குள் வளரும், இன்னும் சிறகு விரியாத இளம் பருவம். பூக்கள் என்றால் மீனுக்கு இருப்பது போன்ற சுவாச உறுப்பு. நம் பாடநூலில் உள்ள சொல்தான். இரண்டே வால்கள், காலுக்கு இரண்டு நகங்கள், பூக்கள் கக்கத்தில் குஞ்சம் போலத் தொங்குகின்றன என்றால் அது கல் ஈயின் அணங்கு. சில மே ஈக்களுக்கும் இரண்டு வால்கள்தான் உண்டு. ஆகவே வாலை மட்டும் எண்ணிவிட்டு முடிவுக்கு வராதீர்கள், நகத்தையும் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைவில்லை ஒன்று வாங்கினால் அது வாழ்நாள் முழுவதும் உதவும்.

பிறகு முதுகில் இருக்கும் சிறகுப்பொதியைப் பாருங்கள். அது கருத்துப் புடைத்திருந்தால் அந்த அணங்கு மேலே ஏறத் தயாராகிவிட்டது. பற்றியிருந்த கல்லை விட்டு, மறைவிடம் எதுவும் இல்லாமல் நீர்மட்டத்தை நோக்கி அது நீந்தும் நேரம்தான் மீனுக்கு விருந்து. பொழுது சாயும் வேளையில் தூண்டில்காரர்கள் கரையில் காத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இருட்டியதும் கல்லை விட்டு நீரோடு மிதந்து இடம் மாறும் அணங்குகள் அதிகரிப்பது இன்னொரு காரணம்.

இப்போது பெட்டியைத் திறக்கலாம். அளவு ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள், அடுத்து உருவம். நிறம் கடைசியில் வரட்டும். உங்கள் பெட்டியில் இருப்பவை குளிர்நாட்டு ஆறுகளுக்காகச் செய்தவை. அங்கே குளிர்காலம் முழுவதும் அடங்கிக் கிடந்து, குறிப்பிட்ட சில வாரங்களில் பூச்சிகள் கூட்டமாக எழும்பும். மே ஈ என்ற பெயரே அப்படி வந்ததுதான். நம் ஓடைகளில் அப்படியொரு குளிர்காலம் இல்லை. ஒரே கல்லில் குஞ்சும் முதிர்ந்ததும் சேர்ந்தே இருக்கும். மழைதான் இங்கே நாள்காட்டி. வெளிநாட்டு அட்டவணையை மடித்து வைத்துவிட்டு, எந்த மாதம், எத்தனை மணிக்கு, எது பறந்தது என்று ஒரு கொப்பியில் நீங்களே எழுதுங்கள்.

பார்த்து முடிந்ததும் பூச்சிகளைத் தண்ணீரில் விடுங்கள். கல்லையும் எடுத்த இடத்தில், எடுத்த பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். அது ஒரு வீட்டின் கூரை.

கேள்வி: எங்கள் லயத்துக்குப் பின்னால் ஓடும் ஓடையில் மணலால் செய்த சிறு குழலுக்குள் ஒரு புழு இருக்கிறது. குழலோடு நடக்கிறது. அது என்ன, டீச்சர்?
— எட்டாம் தர மாணவி, அக்கரப்பத்தனை

பதில்: மகளே, உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். குழலை உடைத்துப் பார்த்தேன் என்று நீ எழுதாதது எனக்கு எவ்வளவு நிம்மதி!

அது காடிஸ் ஈ என்ற பூச்சியின் குடம்பி, அதாவது புழுப் பருவம். எங்கள் சிறுவயதில் நாங்கள் அதை மணல்வீட்டுப் புழு என்போம். இன்றைக்கும் எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும். அதன் வாய்க்கு அடியிலிருந்து பட்டு நூல் வருகிறது. தண்ணீருக்குள்ளேயே ஒட்டும் நூல் அது! ஒவ்வொரு மணியாக எடுத்துத் திருப்பிப் பார்த்து, பொருந்தினால் நூலால் ஒட்டும், பொருந்தாவிட்டால் எறிந்துவிடும். உடல் வளர வளர முன்வாசலில் புது வரிசை சேர்க்கும். பின்பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே உடலை நெளித்து நெளித்து அந்த வழியாக நீரை ஓடவிட்டுச் சுவாசிக்கும். வேறு இனங்கள் இலைத் துண்டாலும் குச்சியாலும் வீடு கட்டும். வீடே கட்டாமல், கற்களுக்கு இடையே வலை பின்னி, மிதந்து வரும் உணவுக்காகக் காத்திருக்கும் இனங்களும் உண்டு. கல்லைத் தூக்கியதும் அந்த வலை சளி போலச் சுருண்டுவிடுவதால் பலர் அதைப் பார்த்ததே இல்லை.

வளர்ந்ததும் குழலைக் கல்லில் ஒட்டி, வாசலை மூடி, உள்ளே கூட்டுப்புழுவாகும். பிறகு வெளியே வந்து மேலே நீந்திப் பறந்துவிடும். பறக்கும் காடிஸ் அந்துப்பூச்சி மாதிரியே இருக்கும். இரண்டும் நெருங்கிய உறவு. அந்தின் சிறகில் செதில், காடிஸின் சிறகில் மயிர். உட்காரும்போது சிறகுகளைக் கூடாரம் போலச் சாய்த்து மடிக்கும். இன்றிரவு உங்கள் வாசல் விளக்கடியில் தேடிப் பார், கண்டால் எனக்கு எழுது.

கேள்வி: மாலையில் பீலிக்கரை விளக்கைச் சுற்றி ஈசல் போலப் பூச்சிகள் வந்து விழுகின்றன. காலையில் சுவரில் வெறும் தோல்கள் ஒட்டியிருக்கின்றன. இவை ஈசல்தானா?
— வாசகி, நானுஓயா

பதில்: ஈசல் கறையானின் சிறகு முளைத்த வடிவம். மண்ணிலிருந்து வருகிறது. அதன் நான்கு சிறகுகளும் ஒரே நீளம், தரையில் இறங்கியதும் உதிர்ந்துவிடும். நீங்கள் பார்ப்பது மே ஈ. சிறகுகளைப் பாய்மரம் போல நிமிர்த்தி வைத்திருக்கும், பின்னால் நீண்ட வால் நூல்கள் இருக்கும்.

நீங்கள் சுவரில் கண்ட தோல்தான் இதில் மிக அருமையான பகுதி. பூச்சிகள் எல்லாம் பறக்கும் சிறகு வந்தபின் தோல் உரிப்பதை நிறுத்திவிடும். மே ஈ ஒன்றுதான் பறக்கத் தொடங்கிய பிறகும் இன்னொரு முறை உரிக்கும். நீரிலிருந்து மங்கலான சிறகோடு வந்து எங்காவது ஒட்டிக்கொள்ளும். பிறகு சிறகின் மேலுறை உட்பட எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கண்ணாடிச் சிறகோடு கிளம்பும். அதற்கு உண்ணும் வாய் இல்லை. சில மணித்தியாலம், மிஞ்சிப்போனால் ஓரிரு நாள். அதற்குள் இணை சேர்ந்து முட்டையிட்டுவிட வேண்டும். தூண்டில்காரர்கள் இந்த இரண்டு பருவங்களுக்கும் வெவ்வேறு பெயர் வைத்து, வெவ்வேறு ஈ கட்டுகிறார்கள். மீனுக்கும் அந்த வேறுபாடு தெரியும் போலிருக்கிறது.

உங்கள் பீலிக்கரை விளக்கை இரவெல்லாம் எரியவிடாதீர்கள். முட்டையிட வேண்டியவை சீமெந்துத் தரையில் விழுந்து வீணாகின்றன.

கேள்வி: ட்ரவுட் வெள்ளைக்காரர் கொண்டுவந்த மீன். அதைப் பிடிப்பதற்காக நம் பூச்சிகளைப் படிப்பதைப் பெருமையாகச் சொல்கிறீர்களே?
— பல்கலைக்கழக மாணவர், பேராதனை

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. பழுப்பு ட்ரவுட் 1882இல் இங்கு கொண்டுவரப்பட்டது. அது இங்கே தானாகப் பெருகவில்லை. பிறகு வந்த வானவில் ட்ரவுட் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் முட்டையிட்டுப் பெருகியது. 1896இல் துரைமார் இதற்கென்றே ஒரு கழகம் அமைத்தார்கள். இது அவர்களின் வரலாறு. மறுக்கவில்லை.

பூச்சிகளின் வரலாறு வேறு. ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஹெர்மன் ஹாகன் 1858இல் இலங்கைப் பூச்சிகளை விவரித்தபோது, நீட்னர் என்ற கோப்பித் தோட்டக்காரர் றம்பொடைப் பக்கம் பிடித்து அனுப்பியவை அவர் கையில் இருந்தன. நம் மே ஈக்கள் ட்ரவுட் வருவதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே அறிவியல் ஏட்டில் ஏறிவிட்டன. வந்த மீன்தான் நம் ஓடையைப் படிக்க வேண்டியிருந்தது. அந்த ஓடையைத் துரைக்குப் படித்துக் காட்டியவர் என் அப்பா. துரையின் மீன் குறிப்பேட்டில் அவர் பெயர் ஒரு வரியிலும் இல்லை. அவர் அறிந்ததை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில் எனக்குப் பெருமைதான்.

ஒன்றில் நான் உங்கள் பக்கம். கரிடினா சிங்கலென்சிஸ் என்ற சின்ன நன்னீர் இறால் ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. ட்ரவுட் அதையும் தின்னும். ஆகவே ட்ரவுட் இல்லாத எந்த ஓடையிலும் ஒரு குஞ்சைக்கூடப் புதிதாக விடக்கூடாது என்பேன், யார் கேட்டாலும். 1988 முதல் அந்தச் சமவெளி தேசியப் பூங்கா. அங்கே தூண்டிலுக்கும் வடிக்கும் வேலையில்லை, கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: அட்டைக் கடிக்கு என்ன செய்வது?
— வாசகர், ஹற்றன்

பதில்: காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் விட்டு, மேலே சவர்க்காரம் பூசுங்கள். நான் அட்டைக்குப் பயப்படவில்லை, திடீர் வெள்ளத்துக்குத்தான் பயப்படுகிறேன். நீங்கள் நிற்குமிடத்தில் வெயில் இருந்தாலும் மேல்மலையில் மழை பெய்தால் ஓடை சில நிமிடத்தில் ஏறிவிடும். நீர் கலங்கி, இலைச் சருகு மிதந்து வரத் தொடங்கினால் எதையும் பொறுக்கிக்கொண்டிருக்காமல் உடனே கரையேறுங்கள்.

கேள்வி: எங்கள் பீலிக்கு நீர் வரும் ஓடையில் நீங்கள் சொல்லும் பூச்சிகளே இல்லை. சேற்றில் இரத்தச் சிவப்பில் நெளியும் புழுக்கள் மட்டும் இருக்கின்றன. தண்ணீர் கெட்டுவிட்டதா?
— வாசகர், மஸ்கெலியா

பதில்: அவை கடிக்காத ஒருவகைச் சிறு கொசுவின் குடம்பிகள். நம் இரத்தத்தில் உள்ளதைப் போல அவற்றிலும் ஈமோகுளோபின் இருப்பதால்தான் அந்தச் சிவப்பு. ஒட்சிசன் குறைந்த சேற்றிலும் அவற்றால் சமாளிக்க முடியும். கல் ஈயாலும் பெரும்பாலான மே ஈக்களாலும் முடியாது. சிவப்புப் புழு எல்லா ஓடைகளிலும் கொஞ்சம் இருக்கும். மற்றவை போய் அது மட்டும் மிஞ்சியிருப்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

அவசரப்பட்டு யார்மீதும் பழி போடாதீர்கள். பெருவெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்கலாம். அப்படியானால் சில வாரங்களில் திரும்பி வரும். மண் சரிந்து கற்களின் இடுக்குகளை மூடியிருக்கலாம். தோட்டத்தில் தெளிக்கும் மருந்தாக இருக்கலாம். ஓடை நெடுகிலும் மேலே போய், இருநூறு அடிக்கு ஒரு தடவை கல்லைப் புரட்டுங்கள். பூச்சிகள் எங்கே மீண்டும் தென்படுகின்றனவோ, அதற்குச் சற்றுக் கீழேதான் காரணம் இருக்கும்.

நான் கற்பித்த ஒரு தோட்டத்தில் இப்படித்தான் கண்டுபிடித்தோம். பீலிக்கு மேலே மருந்து தெளிக்கும் தாங்கிகளை ஓடையிலேயே கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒரு காலையில் நீர்ச்சுழிகளில் அணங்குகள் அரிசி உமி போல ஒதுங்கிக் கிடந்தன. அதே நீரைக் குடித்துவிட்டு என் முன்னால் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. செத்த அணங்குகளை ஒரு ஜாம் போத்தலிலும், உயிரோடு மேல் ஓடையில் இருந்தவற்றை இன்னொன்றிலும் எடுத்துக்கொண்டு, பெற்றோரோடு தோட்ட அலுவலகத்துக்குப் போனோம். பேச்சைவிட அந்த இரண்டு போத்தல்கள்தான் வேலை செய்தன. கழுவும் இடத்தை ஓடையை விட்டுத் தள்ளி மாற்றினார்கள்.

நீங்களும் திகதியும் இடமும் எழுதி வைத்துக்கொண்டு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டுங்கள். இன்னொன்று, பூச்சிகள் நிறைந்த ஓடையின் நீரும் கிருமியில்லாத நீர் ஆகிவிடாது. கொதிக்க வைத்தே குடியுங்கள்.

கேள்வி: வீட்டில் இருப்பதைக் கொண்டே தூண்டில் ஈ கட்ட முடியுமா? மகன் கேட்கிறான்.
— தாயார், கொட்டகலை

பதில்: கட்டாயம் முடியும். கி.பி. 200 அளவில் ஏலியன் என்ற உரோம எழுத்தாளர் மக்கெடோனிய மீனவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர்கள் சிவப்புக் கம்பளி நூலைத் தூண்டிலில் சுற்றி, சேவலின் தாடையடி இறகு இரண்டைச் சேர்த்துக் கட்டினார்களாம். நூலும் சேவலும் கொட்டகலையிலும் உண்டு. காட்டுக்கோழி இறகு மட்டும் வேண்டாம், அது நம் தேசியப் பறவை.

அப்பா பழைய வானொலிச் சுருளிலிருந்து மெல்லிய செப்புக் கம்பி எடுப்பார். இங்கிலாந்தில் ஆற்றுக் காவலராக இருந்த ஃபிராங்க் சோயரும் நூலே இல்லாமல் செப்புக் கம்பியால் அணங்கு கட்டியவர் என்று பின்னாளில் அறிந்தபோது எனக்குக் கண் கலங்கியது. அப்பா அவரைக் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. கம்பியின் பாரத்தால் ஈ கீழே இறங்கும், கம்பியே உடலின் வடிவத்தையும் கொடுக்கும். கொக்கியை மகன் தொடும்போது நீங்கள் அருகில் இருங்கள். கொக்கி நுனியில் பின்னோக்கி நிற்கும் சிறு முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள், கைக்கும் மீனுக்கும் நல்லது. கொக்கித் தண்டில் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, நெஞ்சுப் பகுதியில் மட்டும் இரண்டு சுற்று கூட்டுங்கள். பழுப்புச் சேவல் இறகின் நான்கைந்து இழைகளை வைத்து, நுனிகளை வாலாக விட்டு, மீதியை உடலில் சுற்றி, கம்பியால் கட்டி முடியுங்கள். அதிகம் வைக்காதீர்கள். முதன்முதலில் கட்டுகிற எல்லோரும் தும்புத்தடி போலத்தான் கட்டுவார்கள்.

கட்டியதைக் கண்ணாடிக் கிளாஸில் தண்ணீர் ஊற்றிப் போடுங்கள். பக்கத்தில் உண்மையான அணங்கு ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. பிறகு கிளாஸை மகனின் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, கீழேயிருந்து பார்க்கச் சொல்லுங்கள். நீர்மட்டத்துக்கு ஏறும் அணங்கை மீன் அப்படித்தான் பார்க்கிறது.