வாசகர் கேள்வி–பதில்: லேபிளும் அதை உரித்துத் தரும் கருவியும்

கேள்வி: வீட்டில் ஊறுகாயும் பருப்புப்பொடியும் தயாரித்து விற்கிறோம். ஸ்டிக்கரைக் கையால் உரித்து ஒட்டும்போது ஓரம் மடங்கிக் கோணலாகிவிடுகிறது. லேபிள் டிஸ்பென்சர் வாங்கலாமா? – வாசகி, ஈரோடு

பதில்: வாங்கலாம். ஆனால், மோட்டாரில் ஓடும் கருவிக்குப் போவதற்கு முன், கையால் இழுக்கும் எளிய கருவியே போதுமா என்று பாருங்கள். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். லேபிளைத் தாங்கியிருக்கும் பின்தாளில், பசை இறுகப் பிடிக்காமலிருக்க சிலிக்கோன் பூசப்பட்டிருக்கும். அந்தத் தாள் கூரான ஒரு தகட்டு விளிம்பில் சட்டென்று பின்னோக்கித் திரும்பும்போது, லேபிள் தன் விறைப்பினால் கூடவே வளைய முடியாமல் பிரிந்து நேராக முன்னே நீண்டு நிற்கிறது. கையால் உரிக்கும்போது நாம் இதற்கு நேர்மாறாகத் தாளை விட்டுவிட்டு லேபிளை வளைக்கிறோம். ஓரம் மடங்குவதும் சுருள்வதும் அதனால்தான்.

மோட்டார் கருவியில் ஓர் ஒளி சென்சார் இரண்டு லேபிள்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை அறிந்து, ஒன்றை நீட்டிவிட்டு நிற்கும். அதை நீங்கள் எடுத்த பிறகே அடுத்தது வரும். ஒளி ஊடுருவும் லேபிளானால் சாதாரண சென்சார் தடுமாறும் என்பதால், பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் லேபிளையே கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அச்சகத்தில் “ரோலாக வேண்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாமல், நடுக்குழாயின் விட்டம் என்ன, அச்சிட்ட முகம் வெளிப்பக்கம் இருக்க வேண்டுமா உட்பக்கமா, எந்த ஓரம் முதலில் வெளிவர வேண்டும் என்பவற்றையும் எழுதிக் கொடுங்கள். சுற்றும் திசை மாறிவிட்டால் நல்ல கருவியிலும் லேபிள் தலைகீழாகத்தான் வரும். எண்ணெய்ப் பிசுக்குக்கு மட்டும் எந்தக் கருவியிலும் தீர்வு இல்லை. ஊறுகாயை நிரப்புவதற்கு முன்பே, உலர்ந்த பாட்டிலில் லேபிளை ஒட்டிவிடுவது நல்லது.

கேள்வி: எடை போட்டு ஒட்டும் லேபிளில் எழுத்து சில வாரங்களில் மங்கிவிடுகிறதே? – வாசகர், தூத்துக்குடி

பதில்: அது மையில்லாமல், சூடு பட்டதும் கறுக்கும் தாளில் அச்சிடப்படுவது. வெயிலும் வெப்பமும் எண்ணெயும் அதைக் கெடுக்கும். அன்றன்றே விற்றுத் தீரும் பொருளுக்கு அது போதும். மாதக்கணக்கில் அலமாரியில் இருக்க வேண்டியதற்கு, மை பூசிய ரிப்பன் வைத்து அச்சிடும் பிரிண்டரே ஏற்றது.

கேள்வி: க்யூஆர் குறியீடு எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்கிறார்கள். இந்த நேரத்தில் லேபிள் கருவியில் முதலீடு செய்வது வீண்தானே? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: என் கணிப்பில், அந்தக் குறியீடே இத்தகைய கருவியின் தேவையைக் கூட்டப்போகிறது. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் டிராய் நகரக் கடையொன்றில் ரிக்லி சூயிங்கம் பொட்டலத்தின் பார்கோடு முதன்முதலாக வருடப்பட்டதிலிருந்து, ஒரு பொருளின் எல்லாப் பொட்டலங்களிலும் ஒரே கோடுதான்; ஆகவே ஆயிரக்கணக்கில் முன்கூட்டியே அச்சிட்டு வைக்க முடிந்தது. பார்கோடு தரங்களை வகுக்கும் ஜிஎஸ்1 அமைப்பு, 2027 முடிவுக்குள் கடைகளின் பில் கவுண்டர்கள் க்யூஆர் போன்ற இருபரிமாணக் குறியீடுகளையும் படிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. அத்தகைய குறியீட்டில் தொகுதி (பேட்ச்) எண்ணையும் காலாவதித் தேதியையும் சேர்க்கலாம். காலாவதியான பொட்டலத்தை பில் போடும் இடத்திலேயே நிறுத்தலாம். ஆனால் தொகுதிக்குத் தொகுதி மாறும் குறியீட்டை மொத்தமாக அச்சிட்டு அடுக்கி வைக்க முடியாது, பொட்டலம் கட்டும் மேசையிலேயே அச்சிட்டாக வேண்டும். எனவே உரிக்கும் வசதி மட்டும் கொண்ட கருவியைவிட, ஒவ்வொரு லேபிளாக அச்சிட்டு உரித்தும் கொடுக்கும் பிரிண்டரைப் பாருங்கள். நிறமும் படமும் அச்சகத்தில் வரட்டும். குறியீட்டுக்கு வெற்றிடம் விட்டுவையுங்கள்.

குறியீடு வந்ததால் எழுத்து போய்விடுவதும் இல்லை. இந்தியாவில் 2023 ஆகஸ்ட் 1 முதல் 300 முன்னணி மருந்து பிராண்டுகளுக்குப் பார்கோடோ க்யூஆர் குறியீடோ கட்டாயம் என்றாலும், அவற்றின் அட்டையில் பெயரும் காலாவதித் தேதியும் முன்போலவே எழுத்தில் இருக்கின்றன. உணவுப் பொட்டலத்திலும் நிகர எடை, அதிகபட்ச விலை, 14 இலக்க உரிம எண் ஆகியவற்றைக் கண்ணால் படிக்க முடிய வேண்டும். கடையில் நிற்கும் மூதாட்டி விலை அறியக் கைப்பேசியைத் தேட வேண்டியிருந்தால் அதை முன்னேற்றம் என்று எப்படிச் சொல்வது?

உங்கள் முதலீட்டுக்கு மெய்யான போட்டி பின்தாளே இல்லாத லேபிள்தான். சிலிக்கோன் பூசிய பின்தாளைச் சாதாரணக் காகிதத்தோடு மறுசுழற்சி செய்வது கடினம் என்பதால், லேபிளின் மேற்பரப்பிலேயே சிலிக்கோனைப் பூசி, ஒட்டும் டேப்பைப் போலச் சுற்றித் தருகிறார்கள். ஒரே அளவு ரோலில் கூடுதல் லேபிள்கள் கிடைக்கும், குப்பையும் குறையும். ஆனால் அதற்கு, பசை ஒட்டிக்கொள்ளாத உருளையும் வெட்டும் அலகும் கொண்ட தனிப் பிரிண்டர் தேவை. நேர்க்கோட்டில் வெட்டப்படுவதால் பெரும்பாலும் செவ்வக வடிவமே கிடைக்கும். எடைச் சீட்டும் பார்சல் சீட்டும் ஒட்டுபவர்கள் வாங்குவதற்கு முன் இதையும் விசாரிக்க வேண்டும். வட்ட மூடியிலும் வளைந்த பாட்டிலிலும் வடிவம் வெட்டிய லேபிள் ஒட்டுபவர்களுக்கு இப்போதைக்கு உரிக்கும் தகடு இல்லாமல் முடியாது.