பொய்லர் நீரில் உறைதடுப்பி கலக்க வேண்டுமா?

கேள்வி: ஒன்ராறியோவில் உள்ள எங்கள் பழைய வீட்டைப் பொய்லரும் சுடுநீர் ரேடியேட்டர்களும் சூடாக்குகின்றன. ஜனவரியில் ஆறு கிழமைகள் யாழ்ப்பாணம் செல்லவிருக்கிறோம். குழாய்கள் உறையாதிருக்கப் பொய்லர் நீரில் உறைதடுப்பி கலக்குமாறு உறவினர் ஒருவர் சொல்கிறார். அது தேவையா?

பதில்: குழாய்கள் அனைத்தும் வெப்பமூட்டப்படும் அறைகளுக்குள்ளேயே செல்லுமாயின் தேவையில்லை. உறைதடுப்பி ரேடியேட்டர் சுற்றிலுள்ள நீரை மட்டுமே காக்கும். சமையலறைக்கும் குளியலறைக்கும் செல்லும் குடிநீர்க் குழாய்களில் அதைக் கலக்க முடியாது. நீர் உறையும்போது கனவளவு ஏறக்குறைய 9 சதவீதம் பெருகுவதால், வெப்பம் நின்றுபோன வீட்டில் அந்தக் குழாய்களும் வெடிக்கும். உறவினரின் யோசனை பாதி வீட்டுக்கான காப்பு மட்டுமே.

வெப்பம் நிற்பதற்கு மின்தடையே போதும். எரிவாயுப் பொய்லருக்கும், நீரைச் சுற்றவைக்கும் பம்புக்கும் மின்சாரம் வேண்டும். 2013 டிசம்பர் பனிமழையின்போது ரொறன்ரோவில் ஏறக்குறைய மூன்று லட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன, சில பகுதிகளுக்கு மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின.

உறைதடுப்பி கலப்பதால் பாதகங்களும் உண்டு. உறைதடுப்பியின் முக்கிய பொருளான கிளைக்கோல் கலந்த நீர் வெறும் நீரைவிடக் குறைந்த வெப்பத்தையே சுமக்கும், தடிப்பாகவும் இருக்கும் என்பதால் பம்பின் வேலை கூடும். சூடாகும்போது பெருகும் நீருக்கு இடமளிக்கும் விரிவுத் தொட்டியும் பெரிதாக வேண்டியிருக்கலாம். அதன் செறிவையும் அமிலத்தன்மையையும் ஆண்டுதோறும் சோதிக்காவிட்டால், பழுதான கிளைக்கோல் உலோகத்தை அரிக்கத் தொடங்கும். பழைய வீடுகளில் நான் அதிகம் அஞ்சுவது தானியங்கி நிரப்பு வால்வைத்தான்: எங்காவது சிறு கசிவு இருந்தால் அது ஓசையின்றி நகர நீரைச் சேர்த்துக்கொண்டேயிருக்கும், செறிவு கரைந்துபோனதை வீட்டுக்காரர் அறியவே மாட்டார்.

வாகனப் பாதையின் கீழ் பனி உருக்கப் பதித்த குழாய்கள், வெப்பமில்லாத கராஜின் தரைக்குழாய்கள், வெளியே நிறுத்திய பொய்லருக்கான இணைப்பு, குளிர்காலத்தில் பூட்டி வைக்கும் கொட்டேஜ் ஆகியவற்றுக்கு உறைதடுப்பி உண்மையில் வேண்டும். அங்கும் வெப்பமூட்டும் அமைப்புகளுக்கென அரிப்புத் தடுப்பான் சேர்த்து விற்கப்படும் புரொப்பிலீன் கிளைக்கோலையே, பொய்லர் தயாரிப்பாளர் அனுமதித்தால் மட்டும், பயன்படுத்த வேண்டும். அலுமினிய வெப்பப் பரிமாற்றி (தீயின் வெப்பத்தை நீருக்கு மாற்றும் பகுதி) உள்ள பொய்லர்களுக்கு அதற்குரிய வகை தேவை. கார் உறைதடுப்பியை ஒருபோதும் ஊற்றாதீர்கள்: அதில் வழக்கமாக இருக்கும் எதிலீன் கிளைக்கோல் நச்சு, அதிலுள்ள சேர்மங்கள் பம்பின் சீல்களைக் கெடுக்கக்கூடும். செறிவு 30 சதவீதமாயின் ஏறக்குறைய மறை 13 பாகை வரையும், 50 சதவீதமாயின் மறை 33 பாகை வரையும் உறையாது; 20 சதவீதத்துக்கும் கீழே நுண்ணுயிர்கள் வளர இடமுண்டு என்பதால் கொஞ்சமாகக் கலப்பது கலக்காததைவிட மோசம்.

உங்கள் பயணத்துக்கு முன் பொய்லரைச் சோதிப்பித்து, வெப்பநிலையை 15 பாகையில் வைத்து, பிரதான நீர் வால்வை மூடிச் சமையலறை, குளியலறைக் குழாய்களைத் திறந்து அவற்றிலுள்ள நீரை வடித்துவிடுங்கள். அந்த வால்வை மூடினால் பொய்லருக்கான நிரப்பு நீரும் நிற்கும். கசிவில்லாத சுடுநீர்ச் சுற்றுக்கு அதனால் கேடில்லை, ஆயினும் அழுத்தம் நிலையாக இருக்கிறதா என்பதைப் புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அயலவர் ஒருவரிடம் திறப்பைக் கொடுத்து, எவ்வளவு நாளைக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்பதை உங்கள் வீட்டுக் காப்புறுதி ஒப்பந்தத்தில் வாசித்து அதன்படியே ஏற்பாடு செய்யுங்கள். பல ஒப்பந்தங்கள் குளிர்காலத்தில் சில நாட்களுக்கு மேல் ஆளில்லாத வீட்டின் உறைவுச் சேதத்துக்கு இந்த நிபந்தனையை நிறைவேற்றாவிட்டால் இழப்பீடு தருவதில்லை.