ஸ்காலரில் எச்-இண்டெக்ஸ் 9, ஸ்கோபஸில் 4: எதை எழுதுவது?

எச்-இண்டெக்ஸ்னா உங்க கட்டுரைகளை மற்றவங்க எவ்வளவு மேற்கோள் காட்டியிருக்காங்கன்னு அளக்கும் எண். அதை கூகுள் ஸ்காலர் (கூகுளின் ஆய்வுக்கட்டுரைத் தேடல்) ஒரு மாதிரியும், ஸ்கோபஸ் (ஆய்வுக்கட்டுரைத் தரவுத்தளம்) வேறு மாதிரியும் காட்டுது. நேர்காணலில் கேட்டது ஸ்கோபஸ் என்றால் ஸ்கோபஸ் எண்தான். ஆனால் அந்த 4-ஐ அப்படியே புதுச்சேரி நேர்காணலுக்கு எழுதிக் கொடுத்துடாதீங்க. உங்க பெயர் அங்கே உடைஞ்சு கிடக்கும்னு நினைக்கிறேன்.

நம்ம இனிஷியல் படுத்துற பாடு! ஒரு கட்டுரையில் முன்னால், அடுத்ததில் பின்னால், இன்னொன்றில் அப்பா பெயரே குடும்பப் பெயர். போதாததுக்கு முகவரியில் ஒரு தடவை பாண்டிச்சேரி, ஒரு தடவை புதுச்சேரி. ஸ்கோபஸ் உங்களையே இரண்டு ஆளாக்கி, தனித்தனி ஆசிரியர் எண் (கட்டுரை எழுதியவருக்கான அடையாள எண்) கொடுத்துடும். கூட்டாசிரியர் பட்டியலும் பாதிப் பாதியாகப் பிரியும்.

ஸ்கோபஸின் ஆசிரியர் தேடலில், குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுப் பாருங்க, சந்தா வேண்டாம். இரண்டாவது ஆள் கிடைச்சா இணைக்கச் சொல்லிக் கோரிக்கை அனுப்புங்க.

அந்த இரண்டாவது ஆளின் எச்-இண்டெக்ஸ் 3 என்று இருந்தால் 4-ம் 3-ம் சேர்ந்து 7 ஆகிடாது. 7 வர, ஏழு கட்டுரைக்குத் தலா ஏழு மேற்கோளாவது வேணும். ஸ்காலரோ ஆய்வேட்டில் வரும் மேற்கோளையும் எண்ணும். அந்த 9-ஐ இங்கே எதிர்பார்க்காதீங்க.