மாவு கலந்த பை மக்குமா?

கேள்வி: 'சோள மாவில் செய்தது, 6 மாதத்தில் மண்ணாகிவிடும்' என்று அச்சடித்த குப்பைப் பைகள் வாங்கினேன். பால்கனியில் இருக்கும் உரத் தொட்டியில் காய்கறிக் கழிவோடு போட்டேன். கழிவு எருவாகிவிட்டது. பை மட்டும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. நான் செய்தது தவறா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை அம்மா. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். இதே மாதிரிப் பைக்குக் கூடுதல் விலை கொடுத்தவன் நான். என் செடித்தொட்டி மண்ணில் அதன் கிழிசல்கள் இன்னும் கிடக்கின்றன.

இது பழைய வித்தை. 1970களில் இங்கிலாந்தில் ஜெரால்ட் கிரிஃபின் என்பவர் பாலிஎத்திலீன் என்ற சாதாரண பிளாஸ்டிக்கில் மாவுச்சத்துத் துகள்களைக் கலக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இப்படிச் செய்த பைகளில் மாவுச்சத்து பெரும்பாலும் 6 முதல் 15 சதவீதம்தான். மீதியெல்லாம் சாதாரண பிளாஸ்டிக். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மேற்பரப்பில் தெரியும் மாவைத் தின்றுவிடும். உள்ளே பிளாஸ்டிக் சூழ்ந்திருக்கும் துகள்களை அவற்றால் எட்டவே முடியாது. மாவு போன இடமெல்லாம் ஓட்டையாகிப் பை வலுவிழந்து கிழியும். ஆனால் பாலிஎத்திலீனின் நீளமான கார்பன் சங்கிலியை நுண்ணுயிர்களால் அப்படித் தின்ன முடிவதில்லை. சீக்கிரம் உடையட்டும் என்று சில பைகளில் உலோக உப்பு சேர்க்கிறார்கள். அது வேலை செய்ய வெயிலும் வெப்பமும் காற்றும் வேண்டும்; உரத் தொட்டியின் இருட்டிலும் ஈரத்திலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. முழுப் பையாக இருந்தால் பொறுக்கி எடுத்துவிடலாம். பொடிந்து மண்ணோடு கலந்ததை யார் பொறுக்குவது? கண்ணுக்கு மறைந்ததை மக்கியது என்று சொல்லி விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

துண்டுகளைச் சலித்து எடுத்து உலர் குப்பையில் போடுங்கள். ஈரக் குப்பையைப் பையில் கட்டாமல் அப்படியே வாளியில் வைத்துக் கொடுங்கள். குப்பை அள்ள வரும் பௌரகார்மிகருக்கும் (தூய்மைப் பணியாளர்) அதுதான் வசதி.

கேள்வி: பையில் ஒரு சொட்டு பீட்டாடைன் விட்டேன், கருநீலமானது. அப்படியானால் அசல்தானே?
– ஜெயநகர்

பதில்: பீட்டாடைனில் உள்ள அயோடின் மாவில் பட்டால் கருநீலமாகும். மாவு இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. மீதியுள்ள பிளாஸ்டிக் என்ன ஆகும் என்பதற்கு இல்லை.

கேள்வி: அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது?
– சிவாஜிநகர்

பதில்: பையில் 'கம்போஸ்டபிள்' (மக்கி எருவாகக்கூடியது) என்ற சொல், தயாரிப்பாளர் பெயர், சான்றிதழ் எண், மக்கும் பிளாஸ்டிக்குக்கான ஐஎஸ் 17088 என்ற இந்தியத் தரக்குறி நான்கும் இருக்க வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் இல்லாமல் இவற்றை விற்கவே கூடாது. சாதாரண பிளாஸ்டிக் கேரி பேக்கின் தடிமன் 120 மைக்ரானுக்குக் குறையக் கூடாது என்பது 2022 டிசம்பர் 31 முதல் இருக்கும் விதி. கம்போஸ்டபிள் பைக்கு அந்த வரம்பு இல்லை. அதனால்தான் மெல்லிய பையை எல்லாம் 'மக்கும் பை' என்று தள்ளிவிடப் பார்க்கிறார்கள். இன்னொன்று, அசல் பையும் சோதிக்கப்படுவது சுமார் 58 டிகிரி சூட்டில், 180 நாளுக்குள் 90 சதவீதம் சிதைகிறதா என்று. உங்கள் வீட்டுத் தொட்டி அவ்வளவு சூடாகாது.

கேள்வி: கே.ஆர். மார்க்கெட்டில் கிலோ கணக்கில் மக்கும் பை வாங்கினேன். பெயர் இல்லை, பில்லும் வாங்கவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. பில்லும் கேட்காமல், பெயரும் பார்க்காமல் வாங்கினால் யார் மேல் புகார் கொடுப்பீர்கள்?

கேள்வி: எங்கள் குடியிருப்புச் சங்கம் பில்லோடு மொத்தமாக வாங்கிய பைகள் மக்கவில்லை. 'போட்ட இடம் சரியில்லை' என்கிறார் விற்றவர்.
– பானஸ்வாடி

பதில்: விடாதீர்கள். பில் இருக்கிறது, அச்சடித்த வாக்குறுதியும் இருக்கிறது. ஒரு கட்டைப் பிரிக்காமல் பத்திரப்படுத்துங்கள். முதலில் எழுத்தில் பணத்தைக் கேளுங்கள். அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். பொய்யான சுற்றுச்சூழல் விளம்பரங்களுக்கு எதிராக 2024 அக்டோபரில் வந்த வழிகாட்டு நெறிகளையும் மனுவில் குறிப்பிடுங்கள்.

கேள்வி: காகிதக் கப் முழுக்க மக்கும்தானே?

பதில்: இல்லை. பெரும்பாலானவற்றின் உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு. எவர்சில்வர் டம்ளர் வாங்குங்கள்.